பச்சைக் கதவும் திட்டிவாசலும்

விடிவதற்கு முன்பே சலவைக்கூடத்தின் பெரிய இரும்புக் கதவுக்கு முன்னால் பெண்கள் வந்து நின்றுவிடுவார்கள். அந்தக் கதவு அவர்களுக்காகத் திறப்பதில்லை. ஆஸ்பத்திரிகளிலிருந்து அழுக்குத் துணி ஏற்றிவரும் வண்டிக்குத்தான் அது. ஆட்களுக்கென்று அதன் ஓரத்திலேயே சின்னதாக ஒரு திட்டிவாசல் வெட்டி வைத்திருந்தது. ஒரு நேரத்தில் ஒருத்தி, அதுவும் குனிந்து. உள்ளே மேஸ்திரி முக்காலி போட்டு உட்கார்ந்து, குனிந்து வருகிற தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து விடுவார்.

எல்லாரையும்விட அதிகமாகக் குனிய வேண்டியவள் நெட்டை.

“ஆண்டவன் உனக்கு உயரத்தக் குடுத்தான். முதலாளி அத வாசல்லயே வாங்கி வச்சுக்கிட்டாரு” என்பாள், பின்னால் வரும் வாயாடி.

சலவைக்கூடத்தில் பெயர் நிலைப்பதில்லை. ஆவி பட்ட சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி கொஞ்ச நாளில் உதிர்ந்துவிடும்; உடம்பும் குணமும்தான் மிஞ்சும். இவள் நெட்டை. அவள் வாயாடி. இருவரும் ஜோடி. அங்கே எந்த வேலைக்கும் இரண்டு பேர் வேண்டும். அழுக்குத் துணியைப் பிரிக்க இரண்டு பேர். வெளுத்த துணியை மடிக்க அதே இரண்டு பேர்.

காலையில் முதல் வேலை பிரிப்பு. மூட்டையை அவிழ்த்ததும் அடைத்துக் கிடந்த நாற்றம் முகத்தில் அறையும். ரத்தம், சீழ், மூத்திரம், அதன்மேல் ஊற்றிய மருந்து. முன்பெல்லாம் நீளமான தகர மேசையில் ஒவ்வொரு விரிப்பாகப் போட்டு, இடுக்கியால் புரட்டிப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். ஆட்களைக் குறைத்த பிறகு மேசையும் போயிற்று. இந்த மூலையை ஒருத்தி, அந்த மூலையை ஒருத்தி பிடித்து, காற்றில் ஓர் உதறு. விழுகிறது விழட்டும். பஞ்சு விழும், கட்டுத்துணி விழும், ஒருநாள் பல்செட்டு விழுந்தது. கையுறை என்று கொடுத்தது விரல் விரலாகக் கிழிந்து, கடைசியில் மணிக்கட்டில் வளையல் மாதிரி மிஞ்சியிருந்தது.

அன்றைக்கு நெட்டை இரண்டாவது மூட்டையில் கை வைத்தாள். விரிப்பின் மூலையைத் தேடிச் சுருட்டிப் பிடித்தாள். சுருக்கென்றது.

கட்டைவிரலுக்குக் கீழே, சதைப்பற்றான இடத்தில், ஓர் ஊசி. அதன் பின்புறம் சின்னத் துண்டுக் குழாய். குழாய்க்குள் கருத்துப்போன ரத்தம். அவள் அதைப் பிடுங்கினாள். உள்ளங்கையில் ஒரு பொட்டு எழும்பிற்று. கொசு கடித்தால்கூட இதைவிடப் பெரிதாக வரும்.

மறுமூலையைப் பிடித்திருந்த வாயாடி பார்த்தாள்.

“வாளிக்குப் போயிட்டு வா” என்றாள், மெதுவாக.

வாளி என்றால் பிளீச்சிங் வாளி. கறை எடுக்க வைத்திருக்கும் மருந்துத் தண்ணீர். குத்துப்பட்ட கையை அதில் முக்கி, பல்லைக் கடித்து, எரிச்சல் அடங்கும்வரை வைத்திருந்தால் சரியாகிவிடும் என்பது அந்தக் கூடத்து வழக்கம். துணியின் கறையை எடுக்கிறது, ரத்தத்தின் கறையை எடுக்காதா? யார் முதலில் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. நெட்டை முக்கினாள். தோல் வெந்து வெளுத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. மனசு ஆறவில்லை.

முதலாளியின் அறை மாடியில். அதன் சன்னல் தெருவைப் பார்த்தது. நெட்டை போய் நின்றாள். மேஸ்திரியும் பின்னாலேயே வந்து நின்றார்.

“ஊசி குத்திடுச்சுங்க. ஏதோ நோயாளிக்குப் போட்ட ஊசி. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீங்கன்னா...”

“நம்ம துணியில ஊசி வராதேம்மா.” முதலாளி கோபப்படுகிறவர் இல்லை. பட்டுத்துணியை இஸ்திரி போடுகிற மாதிரிதான் பேசுவார். “ஊசிய தனியா எடுத்துட்டுத்தான் துணிய அனுப்புறோம்னு அவங்க எழுத்து மூலமா குடுத்திருக்காங்க. அப்புறம் எப்படி வரும்?”

“வந்துச்சுங்க. கையில குத்துச்சு.”

“யாரு பாத்தா?”

“என் ஜோடி பாத்தா.”

மேஸ்திரி வாயாடியைக் கூப்பிட்டுவந்தார். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஈரமில்லாத கையை.

“நான் உதறிக்கிட்டிருந்தேங்க” என்றாள். “கவனிக்கல.”

ஊரில் இருக்கிற பேச்சையெல்லாம் குத்தகைக்கு எடுத்தவள், இந்த ஒரு பேச்சை மட்டும் விழுங்கிவிட்டாள்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். “உன் வீட்டுக்காரர் லாரி ஓட்டுறவருல்ல? மாசக்கணக்குல வெளியூரு.”

“ஆமாங்க.”

“நான் ஒண்ணும் சொல்லல. நாளைக்கு உனக்கு ஏதாவதுன்னா, அது ஊசியால வந்துதா, வீட்டுக்காரரால வந்துதா, இல்ல வேற எப்படியாவது வந்துதான்னு யாரு கண்டா? பழிய எம் மேல போட்டா நான் தாங்கணுமா?” சன்னல் பக்கம் கையை நீட்டினார். “எதிர்ல இருக்குதே, அந்த எடம். அங்க போகணும்னு தோணும். போ. உன் இஷ்டம். ஆனா அந்தக் கதவுக்குள்ள போனவ இந்தக் கதவுக்குள்ள வர முடியாது. ஆஸ்பத்திரித் துணி பாரு. துணி சுத்தமா இருக்கணும்னா துவைக்கிறவ சுத்தமா இருக்கணும்.”

“அழுக்கு எங்களுதில்லீங்களே” என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அவள் படியிறங்கினாள்.

எதிரில் இருந்தது பச்சைக் கதவு. பால்வினை நோய்களுக்கு இலவசமாகப் பரிசோதனை செய்கிற இடம். பெயர் கேட்க மாட்டார்கள், ஓர் எண்ணைக் கொடுத்து அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்று கதவுக்குப் பக்கத்தில் பலகை மாட்டியிருந்தது. உள்ளே பெயர் கேட்க மாட்டார்கள்தான். வெளியே தெருவே பெயரைச் சொல்லும். முன்பு இஸ்திரி மேசையில் நின்ற சுருட்டைமுடிக்காரி ஒரு சாயங்காலம் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். மறுநாள் விடிகாலை அவள் குனிந்தபோது, மேஸ்திரி திட்டிவாசலுக்குக் குறுக்கே காலை நீட்டினார். அவள் எதற்குப் போனாள் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் அவ்வளவு பேச்சு.

அதற்குப் பிறகு யாரும் அந்தக் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை. ஆனால் ஒரு வேடிக்கை. வேலை விட்டுப் போகும்போது, சரியாக அந்தப் பலகைக்கு எதிரில் வந்ததும் யாராவது ஒருத்திக்குச் செருப்பு வார் அவிழ்ந்துகொள்ளும்.

அன்று சாயங்காலம் நெட்டைக்கு அவிழ்ந்தது. குனிந்து, வாரைப் பிடித்துக்கொண்டு, பலகையின் கடைசி வரிகளைப் படித்தாள். பிறர் பயன்படுத்திய ஊசி குத்தியிருந்தால் உடனே வரவும். நோய் தொற்றாமல் தடுக்கும் மருந்தை மூன்று நாட்களுக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவள் நிமிர்ந்தாள். மாடிச் சன்னலில் முதலாளியின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. நடந்துவிட்டாள்.

வீட்டில் குழந்தை காத்துக்கொண்டிருந்தது. பால்குடி மறக்காத பெண் குழந்தை. அம்மாவின் காலடிச் சத்தத்துக்கே வாயைச் சப்பிக்கொண்டு தவழ்ந்து வரும். நெட்டை தூக்கினாள். அது மார்பில் முட்டியது. அவள் அதைத் தோளுக்கு மாற்றினாள். மறுபடியும் முட்டியது. மறுதோளுக்கு மாற்றினாள். பிறகு அது வீறிட்டது.

“பிள்ள தொண்ட கிழியக் கத்துறது காதுல விழலியாம்மா?” என்றாள் மாமியார்.

“பல்லு முளைக்குதுல்ல அத்தை. கடிக்கிறா.”

“பல்லு முளைச்ச பிள்ளைய நாங்க பாத்ததே இல்லியா? உம் புருஷன் கடிக்காத கடியா?”

நெட்டை கஞ்சியை ஆற்றிக் கரண்டியால் ஊட்டினாள். குழந்தை ஒரு வாயைத் துப்பிவிட்டு, இவள் முகத்தையே பார்த்தது. மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. குளியலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று பாலைப் பீய்ச்சி விட்டாள். சாக்கடைக்குள் வெள்ளையாக ஓடிற்று. அந்தப் பாலில் ஏதும் இருக்கிறதா இல்லையா என்று சொல்லக்கூடிய ஆள் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தார்.

புருஷன் போனில் கூப்பிட்டான். எங்கோ சாலையோரம், பின்னால் வண்டிகள் இரைந்தன.

“ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்ல. உங்களுக்கு உடம்பு நல்லா இருக்குதா?”

“எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்.”

கல்லுக்குக் கேள்வி கேட்டால் பதில் வருமா? போன தடவை அவன் வந்து போன பிறகு அவளுக்கு அடியில் எரிச்சல் கண்டது. மருந்துக்கடையில் வாய்விட்டுச் சொல்ல முடியாமல், சொறிக்குக் களிம்பு என்று கேட்டு வாங்கிப் பூசினாள். தணியும், திரும்ப வரும். அன்றிலிருந்தே அவளுக்குச் செருப்பு வார் அவிழ்ந்துகொண்டுதான் இருக்கிறது. இப்போது ஊசி ஒரு சாக்குக் கொடுத்திருந்தது. ஆனால் சாக்கோடு உள்ளே போனால் அவர்கள் அதையும் பார்ப்பார்கள். பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் இவனைக் கேட்க வேண்டும். கேட்டால் இவன் என்னைக் கேட்பான். போகாவிட்டால் குழந்தை. போனால் வேலை, வேலை போனாலும் அதே குழந்தை. எலிப்பொறிக்காவது ஒரு பக்கம் திறந்திருக்கும்.

மறுநாள் விடிகாலை குனிந்து நுழைந்தபோது வாயாடி பின்னால் இல்லை. முன்பே வந்து உள்ளே நின்றிருந்தாள். மூட்டை பிரிக்கும்போது நெட்டையின் கையைப் பார்க்காமலே உதறினாள்.

முதல் ஈடு காய்ந்து வந்ததும் மடிப்புக்குப் போனார்கள். விரிப்பு மடிப்பது ஒரு நடை. எதிரெதிராக நின்று நாலு மூலையையும் பிடித்து இழுத்து, மூலையோடு மூலை சேர்த்து, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடக்க வேண்டும். கையும் கையும் தொடும் இடத்தில் ஒருத்தி வாங்கிக்கொள்ள, மற்றவள் மடிப்பைப் பிடித்துப் பின்னால் போக வேண்டும். மெஷின் இரைச்சலில் தூரத்தில் நின்று பேசினால் கேட்காது. கேட்கிற மாதிரி கத்தினால் மேஸ்திரிக்கும் கேட்கும். அதனால் அங்கே ரகசியமெல்லாம் கை தொடும் இடத்தில், ஒரு வாய் அளவுக்குத்தான் பேசுவார்கள். மிச்சம் அடுத்த மடிப்பில்.

“எம் மேல கோவமா?” என்றாள் வாயாடி. பின்னால் போனாள். வந்தாள்.

“கோவப்பட்டு என்ன பண்ண? நீ பாக்கலியே.”

போனாள். வந்தாள்.

“பாத்தேன்டி.”

நெட்டை மூலையை வாங்கிக்கொண்டாள். அடுத்த விரிப்பை உதறி விரித்தார்கள். இழுத்தார்கள். நடந்தார்கள்.

“எனக்கும் குத்தியிருக்கு. மழைக்காலத்துல. வாளில முக்கினேன்.”

“ஏன் சொல்லல?”

வாயாடி பின்னால் போனாள். இந்தத் தடவை திரும்ப வர நேரம் பிடித்த மாதிரி இருந்தது.

“சொன்னா அங்க போன்னு சொல்லுவ. போனா சுருட்டைமுடி கதிதான். பாத்தேன்னு நேத்து சொல்லியிருந்தா, நீ எப்படி இவ்வளவு சரியா சொல்றேன்னு என் கையையும் பிரிச்சுப் பாப்பாங்கன்னு பயம். வாயிதான்டி எனக்குப் பெருசு, தைரியம் இம்புட்டூண்டு.”

“நேத்திலேருந்து பிள்ளைக்குப் பால் குடுக்கல” என்றாள் நெட்டை.

வாயாடியின் கையிலிருந்து மூலை நழுவிற்று. வெளுத்த விரிப்பு ஈரத் தரையில் விழுந்தது. பக்கத்து ஜோடி திரும்பிப் பார்த்தது.

வாயாடி அதை எடுக்கவில்லை. “கையக் காட்டு” என்றாள் பக்கத்து ஜோடியைப் பார்த்து. “ரெண்டு பேரும். வெந்த தழும்பு இருக்குதா இல்லியான்னு காட்டுங்க.”

அவர்கள் மேஸ்திரி இருக்கும் திசையைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி விரலை விரித்தாள். விரலிடுக்கில் பிளீச்சிங் தின்ற வெள்ளைத் தழும்பு. அவள் ஜோடி அதை அப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, தன் கையையும் திருப்பினாள். பேச்சு அடுத்த மடிப்புக்குப் போயிற்று, அங்கிருந்து அடுத்ததற்கு. ஒரு வாய், ஒரு வாயாக, விரிப்புக்கு விரிப்பு தாண்டி இஸ்திரி மேசை வரைக்கும் போயிற்று. அவளவள் தன் ஒருத்தியின் அவமானம் என்று நினைத்து மறைத்தது, கூடத்தில் பாதிப்பேர் கையில் இருந்தது.

தேநீர் வேளைக்கு மணி அடித்தது. வழக்கமாகச் சுவரோரம் உட்காருகிறவர்கள் உட்காரவில்லை.

“ஒருத்தி போனா அவ பேரு. எல்லாரும் போனா என்ன பேரு வைப்பாங்க?” என்றாள் வாயாடி.

“ஊசி குத்தாதவ எதுக்குப் போகணும்?” என்று இஸ்திரி மேசையிலிருந்து ஒரு குரல். “என் மாமனாரு காதுக்குப் போச்சுன்னா வீட்ல கொன்னுடுவாங்க.”

யாரும் அவளைத் திட்டவில்லை. அந்தப் பயம் எல்லார் வீட்டிலும் ஆளுக்கொரு பாய் போட்டுப் படுத்திருந்தது.

நெட்டைதான் பேசினாள். பழக்கமில்லாத குரல், பிசிறடித்தது. “குத்துப்பட்டவ யாரு, படாதவ யாருன்னு தெரியாம இருக்கணும்னா படாதவளும் வரணும்க்கா. நான் ஊசிக்காக மட்டும் போகல. எனக்கு வேறயும் இருக்கு. எதுக்குப் போறேன்னு யாரும் கேக்க முடியாத மாதிரி போகணும்.”

கொதிகலனின் இரைச்சல் நின்றது. அதைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர் அண்ணன் வால்வை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வடிகால் சல்லடையைச் சுத்தம் செய்வதும் அவர் வேலைதான். கக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது.

“நானும் வர்றேன். ஊசி என்ன, ஆம்பள பொம்பள பாத்தா குத்துது?”

இஸ்திரி மேசைக்காரி இஸ்திரிப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். “செருப்பு வார் அவிழ்ந்து அவிழ்ந்து எனக்கு அந்தப் பலகை மனப்பாடம்” என்றாள். முதல் சிரிப்பு அங்கேதான் வந்தது.

திட்டிவாசலில் மேஸ்திரி எழுந்து நின்றார். “எங்க?”

“எதிர்ல.”

“யாரு யாரு?”

“தலையைப் பாத்துக்கிட்டே இருங்க, தெரியும்” என்று சொல்லிவிட்டு வாயாடி குனிந்தாள். அவளுக்குப் பின்னால் நெட்டை. அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக. மேஸ்திரி காலை நீட்டிப் பார்த்தார். எத்தனை பேருக்கு நீட்டுவது? காலை மடக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

பச்சைக் கதவுக்குள் நாற்காலி போதவில்லை. நர்ஸ் நிமிர்ந்து பார்த்துத் திகைத்தாள்.

“யாருக்குங்க டெஸ்ட்?”

“எல்லாருக்கும்” என்றாள் வாயாடி. “ஆனா முதல்ல இவளப் பாருங்க. பால் குடிக்கிற பிள்ள இருக்கு.”

நெட்டைக்கு ஓர் எண் கொடுத்தார்கள். உள்ளறையில் திரை போட்டிருந்தது. நர்ஸ் கையைத் திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள். “பிளீச்சிங்கா? இது உள்ள போன கிருமியக் கொல்லாதும்மா, உங்க தோலத்தான் கொல்லும். சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவணும், உடனே இங்க வரணும். அவ்வளவுதான்.” ரத்தம் எடுத்தாள். நெட்டை எரிச்சலையும் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸின் முகம் மாறவில்லை. சளி இருமலுக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள், பார்த்தாள், எழுதினாள்.

“இது தீரக்கூடியதுதான். வீட்டுக்காரர் வந்தா அவரையும் கூட்டிட்டு வாங்க. பழி போட இல்ல. ரெண்டு பேரும் சேந்து சாப்பிட்டாத்தான் மருந்து பலிக்கும்.” காத்திருந்து, ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்ததும் பார்த்தாள். “இன்னிக்கு எடுத்த ரத்தம் பழைய கதையத்தான் சொல்லும். அதுல ஒண்ணுமில்ல. ஊசியோட கதை தெரிய நாளாகும். அதுவரைக்கும் இந்த மாத்திரை. ஒரு வேளைகூட விடக்கூடாது.”

“பிள்ளைக்குப் பால்?”

“டாக்டரம்மா பேசுவாங்க. நேத்து நிறுத்தினது தப்பில்ல. பயந்து தனியா நிறுத்தினதுதான் கஷ்டம்.”

முதல் மாத்திரையை அவள் அங்கேயே விழுங்கினாள். கசந்தது.

வெளியே வந்தபோது திட்டிவாசல் சாத்தியிருந்தது. எல்லாரும் வரும்வரை தெருவிலேயே நின்றார்கள். அதற்குள் ஆஸ்பத்திரி வண்டி அடுத்த மூட்டைகளோடு வந்து, அவர்களுக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்தது. திட்டிவாசலின் தாழ்ப்பாள் நகர்ந்தது. முதலாளியே இறங்கி வந்து, அதன் சின்னச் சட்டத்துக்குள் முகத்தைக் காட்டினார். வெளியே தெரிய அவரும் குனிய வேண்டியிருந்தது.

“சரி, நடந்தது நடந்துபோச்சு. ஒவ்வொருத்தரா உள்ள வாங்க. யார வச்சுக்கலாம், யார வேணாம்னு நான் பாத்து சொல்றேன்.”

யாரும் நகரவில்லை.

“ஊசி வராதுன்னு சொன்னீங்களே” என்று பாய்லர் அண்ணன் பிஸ்கட் டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே கலகலவென்றது. “சல்லடையில நான் பொறுக்கினது. எழுத்து மூலமா குடுத்தவங்ககிட்ட இதையும் குடுங்க.”

“அந்தத் தகர மேசை திரும்ப வரணும்” என்றாள் வாயாடி. “கையுறை வரணும். குத்துப்பட்டவ எதிர்ல போனா, இவ ஏன் போறான்னு உங்க சன்னல் பாக்கக் கூடாது. அப்புறம் சுருட்டைமுடிய வரச் சொல்லணும்.”

“நிபந்தனையா? வெளியில நூறு பேரு வேலைக்கு நிக்கிறாங்க.”

“நிக்கட்டும். அவங்களுக்கும் கை இருக்குது. எங்க கையக் காட்டுறோம், பாத்துட்டு வரட்டும்.”

ஹாரன் மறுபடியும் அலறியது. உள்ளே, மெஷினில் பாதியில் நின்ற துணி ஊறிக்கொண்டிருக்கும். வேறோர் இடத்தில் நோயாளிகள் விரிப்புக்குக் காத்திருப்பார்கள். முதலாளிக்கு அது தெரியும். அவர்களுக்கும் தெரியும். நெட்டைக்கு, நாளைக்கு வேலை இருக்குமா, ஊசியின் கதை என்ன சொல்லும், புருஷன் என்ன சொல்வான், ஒன்றும் தெரியாது. மார்பு கனத்து வலித்தது. பக்கத்தில் வாயாடி அவளுடைய முந்தானை மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், விரிப்பைப் பிடிக்கிற மாதிரி, இறுக்கமாக.

“உள்ள வர்றியா இல்லியா?” முதலாளி நெட்டையைப் பார்த்துத்தான் கேட்டார். “குனிஞ்சு வா.”

“இதுல வரமாட்டேங்க” என்றாள் அவள். “பெரிய கதவத் திறங்க. வண்டி வரணும்ல. அதோட நாங்களும் சேந்து வர்றோம்.”

திட்டிவாசல் படாரென்று சாத்திக்கொண்டது. வண்டிக்காரன் தலையை நீட்டி என்னவென்று கேட்டான். யாரோ சொன்னார்கள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, கீழே இறங்கி நிழல் பார்த்து உட்கார்ந்தான்.

அவர்கள் ஜோடி ஜோடியாகக் கதவின் அகலம் முழுக்க நின்றார்கள். நெட்டை முதுகை நிமிர்த்தினாள். உள்ளே எங்கோ, பெரிய கதவின் சாவியைத் தேடுகிற மாதிரியோ, அதை ஒளித்துவைக்கிற மாதிரியோ, இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது.